நீக்குவது பாதி முடிவுதான்

ஒரு கால்பந்து அணி தொடர்ந்து ஐந்தாறு ஆட்டங்களில் தோற்றுவிட்டால், மைதானத்தில் எழும் முதல் கோஷம் அணியைப் பயிற்றுவிக்கும் மேலாளரின் பதவியைப் பற்றியதாகவே இருக்கிறது. முன்கள வீரர் காயத்தால் மாதக்கணக்கில் ஆடாமல் இருக்கலாம். கோடையில் விற்கப்பட்ட நடுக்கள வீரருக்கு மாற்றாக ஒருவரையும் வாங்காமல் விட்டது நிர்வாகத்தின் பிழையாக இருக்கலாம். ஆனாலும் எல்லாருடைய பார்வையும் எல்லைக்கோட்டருகே நிற்கும் அந்த ஒருவர் மீதே குவிகிறது. இதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. இருபத்தைந்து வீரர்களை ஒரே நாளில் மாற்ற முடியாது. அவர்களுடைய ஒப்பந்தங்கள் ஆண்டுக்கணக்கில் நீள்பவை. வீரர்களை வாங்கவும் விற்கவும் ஆண்டுக்கு இருமுறைதான் வாய்ப்புத் திறக்கிறது. உடனடியாக மாற்றக்கூடியவர் என்று மிஞ்சுபவர் மேலாளர் மட்டுமே. மாற்ற எளியவர் என்பதாலேயே அவர்தான் காரணம் என்றாகிவிடாது என்பதை நிர்வாகங்களும் ரசிகர்களும் மிக விரைவாக மறந்துவிடுகிறோம்.

பொறுமைதான் எப்போதும் நல்லது என்று ஒரு தரப்பினர் சொல்கிறார்கள். முடிவுகள் வராவிட்டால் உடனே அனுப்பிவிட வேண்டும் என்று இன்னொரு தரப்பினர் சொல்கிறார்கள். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. நீக்குவது ஒரு முழு முடிவு அல்ல, பாதி முடிவு என்பதே என் நிலைப்பாடு. அடுத்து வருபவர் யார், இதே வீரர்களை வைத்துக்கொண்டு அவர் எதை வேறு விதமாகச் செய்வார் என்னும் மறுபாதிக்கு விடை இல்லாத நிர்வாகம், எத்தனை தோல்விகளைக் கண்டிருந்தாலும், மேலாளரை அனுப்பக் கூடாது. அந்த விடையைக் கையில் வைத்திருக்கும் நிர்வாகமோ ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

லெஸ்டர் சிட்டி 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி தன் மேலாளர் பிரெண்டன் ராட்ஜர்ஸிடமிருந்து விலகிக்கொண்டபோது, இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக் புள்ளிப்பட்டியலில் 19ஆம் இடத்தில் இருந்தது (இருபது அணிகளில் கடைசி மூன்று கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும்); பத்து ஆட்டங்கள் மீதமிருந்தன. அவரை விலக்கியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் போன மறுநாள் அந்த இடத்துக்கு வர எவரும் தயாராக இல்லை. ஏறத்தாழ எட்டு நாட்கள் அணி தற்காலிகப் பொறுப்பாளர்களின் கையில் இருந்தது. அந்த இடைவெளியில் சொந்த மைதானத்திலேயே இரண்டு ஆட்டங்கள் நடந்தன. ஆஸ்டன் வில்லாவிடம் 1-2 என்றும், தங்களைப் போலவே கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் ஆபத்தில் இருந்த போர்ன்மத்திடம் 0-1 என்றும் லெஸ்டர் தோற்றது. அதன் பிறகுதான் டீன் ஸ்மித் வந்தார். சீசன் முடிந்தபோது லெஸ்டரிடம் 34 புள்ளிகள் இருந்தன. தப்பிப் பிழைத்த எவர்டனிடம் 36 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் லெஸ்டர் எவர்டனைவிட மேலே இருந்ததால், இன்னும் இரண்டே புள்ளிகள் கிடைத்திருந்தால் போதும். நிரந்தர மேலாளர் இருந்திருந்தால் போர்ன்மத்தை வென்றிருப்பார்கள் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் உயிர்போகும் கட்டத்தில் இரண்டு ஆட்டங்களை ஆளில்லாமல் ஆடிய நிர்வாகத்தின் மீது எனக்கு இன்றுவரை கோபம் இருக்கிறது.

அதே சீசனில் எவர்டன் செய்ததை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஜனவரி 23ஆம் தேதி ஃபிராங்க் லம்பார்டை நீக்கிய அவர்களுக்கு அடுத்த ஆட்டம் பிப்ரவரி 4ஆம் தேதிதான். அந்த இடைவெளிக்குள் ஷான் டைக் வந்து, வீரர்களோடு சில நாட்கள் பயிற்சி செய்து, முதல் ஆட்டத்திலேயே பட்டியலில் முதலிடத்தில் இருந்த ஆர்சனலை 1-0 என்று வென்றார். அந்த ஜனவரியில் எவர்டன் புதிய வீரர் ஒருவரையும் வாங்கவில்லை. கடைசி நாள் ஆட்டம் வரை போராடித்தான் தப்பினார்கள் என்றாலும், நீக்கமும் நியமனமும் ஒரே முடிவின் இரு பகுதிகளாக நடந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அது நல்ல சான்று.

புதிய மேலாளர் வந்தவுடன் அணி வெல்லத் தொடங்கும் என்ற நம்பிக்கையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான நீக்கங்கள் இந்த நம்பிக்கையின் மீதுதான் நடக்கின்றன. கால்பந்தில் கோல்கள் மிகக் குறைவு. ஓர் ஆட்டத்தில் இரண்டு மூன்று கோல்களே விழும் விளையாட்டில், கம்பத்தில் பட்டுத் திரும்பும் ஒரு பந்தும், நடுவர் கொடுக்க மறுத்த ஒரு பெனால்டியும் முடிவையே மாற்றிவிடும். இப்படிப்பட்ட விளையாட்டில் ஆறு ஆட்டங்கள் என்பது மிகச் சிறிய அளவு. ஓரளவு நல்ல அணிகூட ஆறு ஆட்டங்கள் தொடர்ந்து தோற்கலாம். பிறகு, எதையும் மாற்றாமலேயே தன் இயல்பான நிலைக்குத் திரும்பலாம். மேலாளர்கள் நீக்கப்படுவது எப்போதுமே அணி மிகத் தாழ்ந்திருக்கும் தருணத்தில்தான். ஆகவே, யார் வந்தாலும் அடுத்த சில ஆட்டங்கள் முந்தையவற்றைவிடச் சற்று மேலாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அந்த மீட்சிக்கு உரிய புகழைப் புதியவர் பெற்றுக்கொள்கிறார். போனவரால்தான் தோற்றோம் என்ற எண்ணமும் உறுதிப்பட்டுவிடுகிறது.

இதை நெதர்லாந்தின் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் முறையாக ஆராய்ந்தார். அந்நாட்டு முதல் பிரிவு லீக்கில் 1986 முதல் 2004 வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டு, சரிவின்போது மேலாளரை நீக்கிய அணிகளையும், அதே அளவு சரிந்தும் நீக்காமல் வைத்திருந்த அணிகளையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டு வகை அணிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி மீண்டன. நீக்கிய அணி மீண்டதை மட்டும் பார்த்தால் நீக்கம் பலித்தது போலத் தோன்றும். நீக்காத அணியை அருகில் வைத்தால்தான் உண்மை தெரிகிறது. எந்த நிர்வாகக் கூட்டத்திலும் இந்த இரண்டாவது அணியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பர்ன்லி அணியின் கதை இதையே ஒரே சீசனுக்குள் சுருக்கிக் காட்டுகிறது. 2012 முதல் பொறுப்பில் இருந்த ஷான் டைக்கை 2022ஆம் ஆண்டு ஏப்ரலில், எட்டு ஆட்டங்கள் மீதமிருந்தபோது நீக்கினார்கள். இளையோர் அணியிலிருந்து வந்த மைக் ஜாக்சன் தற்காலிகப் பொறுப்பேற்றார். முதல் நான்கு ஆட்டங்களில் 10 புள்ளிகள் வந்தன. நீக்கியவர்களின் துணிச்சலை எல்லாரும் பாராட்டினார்கள். அடுத்த நான்கு ஆட்டங்களில் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. 35 புள்ளிகளுடன் 18ஆம் இடத்தில் முடித்து பர்ன்லி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அதே டைக்கின் கீழ் அந்த அணி 2015இல் ஒருமுறை இறங்கியபோது அவரை நீக்காமல் வைத்திருந்ததும், மறு ஆண்டே இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று அவர் அணியை மேலே கொண்டுவந்ததும் நிர்வாகத்துக்குத் தெரியாதவை அல்ல.

அப்படியானால் எதைப் பார்த்து முடிவு செய்வது? ஆட்டத்தின் முடிவுக்கு அடியில் இருக்கும் ஆட்டத்தைப் பார்த்துத்தான். அணி எத்தகைய வாய்ப்புகளை உருவாக்குகிறது, எதிரணிக்கு எத்தகைய வாய்ப்புகளைக் கொடுக்கிறது என்பதை இன்று அளவிட முடிகிறது. எந்த இடத்திலிருந்து, எந்த நிலையில் உதைக்கப்பட்ட பந்து எத்தனை முறைக்கு ஒருமுறை கோலாகும் என்று பழைய ஆட்டங்களைக் கொண்டு கணக்கிடும் எக்ஸ்ஜி (எதிர்பார்க்கப்படும் கோல்கள்) முறை அதற்குத்தான் பயன்படுகிறது. கண்ணால் பார்ப்பதே போதும், எண்கள் வேண்டாம் என்று சொல்லும் ரசிகர்களின் உணர்வு எனக்குப் புரியாமல் இல்லை; ஆனால் நாம் கண்ணால் பார்ப்பதாக நினைப்பது பெரும்பாலும் முடிவு தெரிந்த பிறகு நினைவில் தங்கும் காட்சிகளைத்தான். தோற்ற ஆட்டத்தில் எல்லாமே மோசமாக இருந்ததாகவே நினைவு சொல்லும்.

பொருஸ்ஸியா டார்ட்மண்டில் யூர்கன் க்ளாப்பின் கடைசி சீசன் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. 2011, 2012 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஜெர்மனியின் பட்டத்தை வென்று, 2013இல் ஐரோப்பாவின் முன்னணி அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் இறுதியாட்டம் வரை சென்ற அந்த அணி, 2015ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில், சொந்த மைதானத்தில் ஆக்ஸ்பர்க்கிடம் தோற்று, பட்டியலின் கடைசி இடத்தில் கிடந்தது. நிர்வாகம் அவரை நீக்கவில்லை. அணி மீண்டு ஏழாம் இடத்தில் முடித்தது. க்ளாப் தாமாகவே விடைபெற்றார். லிவர்பூல் அணியின் ஆய்வுப் பிரிவுத் தலைவர் இயன் கிரஹம் அந்த சீசனின் ஆட்டங்களைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, டார்ட்மண்ட் உருவாக்கிய வாய்ப்புகளுக்கும் கிடைத்த புள்ளிகளுக்கும் இடையே பெரும் இடைவெளி இருந்தது. அணி மோசமாக ஆடியதைவிட அதிர்ஷ்டம் கைவிட்டதே அதிகம். 2015 அக்டோபரில் லிவர்பூல் அவரை அழைத்துக்கொண்டது. 2019இல் சாம்பியன்ஸ் லீக் பட்டமும், 2020இல் முப்பது ஆண்டுகளாகக் காத்திருந்த லீக் பட்டமும் வந்தன. கடைசி இடத்தைக் கண்டு டார்ட்மண்ட் பதறவில்லை. அதே சீசனில் லிவர்பூல் ஒரு நல்ல மேலாளரைக் கண்டது.

பிரைட்டன் அணியும் இப்படித்தான் நடந்துகொண்டது. கிரஹம் பாட்டரின் கீழ் 2020-21 சீசனில் 41 புள்ளிகளோடு 16ஆம் இடத்தில் முடித்தபோது, வாய்ப்புகளை உருவாக்கிவிட்டுக் கோலாக்காமல் விடும் அணி என்று எல்லாரும் அலுத்துக்கொண்டார்கள். வாய்ப்புகள் வந்துகொண்டிருக்கும் வரை கோல்களும் வந்து சேரும் என்று நம்பி நிர்வாகம் அவரை வைத்திருந்தது. அடுத்த சீசனில் 51 புள்ளிகள், ஒன்பதாம் இடம். அதே பாட்டர் 2022 செப்டம்பரில் செல்சி அணிக்குப் போனார். புதிய உரிமையாளர்கள் இரண்டு வாங்கும் காலங்களில் 50 கோடி பவுண்டுக்கும் மேல் செலவிட்டுக் குவித்த வீரர்களை ஏழு மாதங்களுக்குள் ஓர் அணியாக்க முடியவில்லை என்பதற்காக ஏப்ரலில் நீக்கப்பட்டார். அந்த ஒரே சீசனில் தாமஸ் டூகல், பாட்டர், பிறகு தற்காலிகமாக லம்பார்ட் என்று மேலாளர்களை மாற்றிய செல்சி 12ஆம் இடத்தில் முடித்தது. பிரைட்டனில் திறமையாளராக இருந்தவர் ஏழு மாதங்களுக்குள் திறமையை இழந்துவிட்டார் என்று நான் நம்பவில்லை.

பொறுமைக்குச் சான்றாக எல்லாரும் அலெக்ஸ் ஃபெர்குசனைச் சொல்வார்கள். 1986இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தவர் மூன்று ஆண்டுகள் பெரிய கோப்பை எதையும் வெல்லவில்லை. 1989-90இல் லீக்கில் 13ஆம் இடம். அந்த ஆண்டு இங்கிலாந்தின் நாக்அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையை வென்ற பிறகுதான் எல்லாம் மாறியது. இந்தக் கதை உண்மை. ஆனால் இதைச் சான்றாக்கும் விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. அவகாசம் கொடுக்கப்பட்டும் எதுவும் சாதிக்காத மேலாளர்களின் பெயர்களை நாம் நினைவில் வைத்திருப்பதில்லை. வென்ற ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு பொறுமையே வெற்றி என்று சொல்வது சரியான கணக்கு ஆகாது. ஃபெர்குசனை வைத்திருந்ததற்குக் காரணம் இருந்தது: அவர் இளையோர் பிரிவையும், வீரர்களைத் தேடும் முறையையும், அணிக்குள் நிலவிய ஒழுக்கத்தையும் அடியிலிருந்து மாற்றிக்கொண்டிருந்தார்; அந்த வேலை நிர்வாகத்தின் கண்ணுக்குத் தெரிந்தது. ஆர்சனல் 2020 டிசம்பரில் 15ஆம் இடத்துக்குச் சரிந்தபோது மிக்கேல் ஆர்டேட்டாவை வைத்திருந்ததும் வெறும் பொறுமையால் அல்ல. எந்த வகை ஆட்டத்தை நோக்கிப் போகிறோம், எந்த வயதுடைய வீரர்களை வாங்கப் போகிறோம் என்பதில் நிர்வாகமும் மேலாளரும் ஒரே கருத்தோடு இருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சாகா, ஸ்மித் ரோ, மார்டினெல்லி ஆகிய இளைஞர்களை ஆடவைத்து செல்சியை 3-1 என்று வென்றது அந்தப் பாதையின் தொடக்கம். அந்த சீசனில் எட்டாம் இடம்தான் கிடைத்தது. 2022-23 முதல் தொடர்ந்து மூன்று சீசன்கள் இரண்டாம் இடம்.

ஆர்டேட்டாவுக்கு முன்பு அந்தப் பதவியிலிருந்து 2019 நவம்பரில் நீக்கப்பட்டவர் உனாய் எமரி. நீக்கப்பட்டவர் தகுதியற்றவர் என்று பொருள் கொள்ளக் கூடாது என்பதற்கு அவரைவிடச் சிறந்த சான்று கிடையாது. ஆஸ்டன் வில்லா 2022 அக்டோபரில் ஸ்டீவன் ஜெரார்டின் கீழ் 17ஆம் இடத்தில் தவித்தது. ஃபுல்ஹாமிடம் 0-3 என்று தோற்ற அன்றிரவே அவரை நீக்கிய நிர்வாகம், நான்கே நாட்களில் எமரியின் பெயரை அறிவித்தது. ஸ்பெயினின் வில்லாரியல் அணியுடன் அவருக்கிருந்த ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கும் தொகையையும் செலுத்தியது. ஏறக்குறைய அதே வீரர்கள், அந்த சீசனின் முடிவில் ஏழாம் இடம். மறு சீசனில் நான்காம் இடம், சாம்பியன்ஸ் லீக் தகுதி. ஜெரார்டின் அணியிடம் எந்த ஆட்டமுறையும் தெளிவாக இல்லை. பந்தை இழந்தபோது யார் எங்கே நிற்க வேண்டும் என்பதே வீரர்களுக்குத் தெரியாதது போலிருந்தது. எமரியோ தற்காப்பு வீரர்களின் வரிசையை எங்கே நிறுத்துவது, எதிரணியை எந்தப் பக்கம் தள்ளுவது என்று ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் பயிற்றுவிப்பவர். எந்தக் குறை இருந்ததோ அந்தக் குறையைத் தீர்ப்பவரையே தேடிக் கொண்டுவந்தார்கள். நான் பார்த்த நீக்கங்களில் இதைத்தான் மிக நல்ல நீக்கம் என்பேன்.

வீரர்கள் மேலாளர் மீது நம்பிக்கை இழந்துவிட்டார்கள் என்று நாளிதழ்கள் எழுதுவதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. அப்படிப்பட்ட செய்திகள் பெரும்பாலும் ஆட இடம் கிடைக்காத வீரர்களின் பக்கத்திலிருந்து வருபவை. ஆனால் நம்பிக்கை உண்மையாகவே போய்விட்டால் அது களத்தில் தெரியும். பந்தை இழந்தவர் திரும்பி ஓட மாட்டார். முதல் கோல் வாங்கிய உடனேயே ஆட்டம் முடிந்துவிட்டது போல அணி தளர்ந்துவிடும். மேலாளர் சொன்ன இடத்தில் நிற்காமல் ஒவ்வொருவரும் தமக்குப் பாதுகாப்பான இடத்தில் நிற்பார்கள். கிளாடியோ ரனியேரியின் நீக்கம் என் மனத்தை மிகவும் வருத்தியது. 2016இல் லெஸ்டருக்கு லீக் பட்டத்தையே வென்று கொடுத்தவர் ஒன்பது மாதங்களில் அனுப்பப்பட்டார். 2017 பிறந்ததிலிருந்து அதுவரை லீக்கில் அந்த அணி ஒரு கோல்கூடப் போடவில்லை. கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் இடங்களுக்கு ஒரு புள்ளி மட்டுமே மேலே இருந்தது. உதவியாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்றதும் லீக்கில் தொடர்ந்து ஐந்து வெற்றிகள் வந்தன. 12ஆம் இடத்தில் சீசன் முடிந்தது. பட்டம் வென்ற அணியின் இதயமாக இருந்த எங்கோலோ கான்டே செல்சிக்குப் போனதற்கு ரனியேரி பொறுப்பல்ல. ஆனாலும், முந்தைய ஆண்டின் ஆட்டமுறைக்கு எளிமையாகத் திரும்பத் தெரிந்தவர் உள்ளேயே இருந்தார் என்பதால், அந்த நீக்கத்தைக் கால்பந்தின் கணக்கில் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. மனம் ஒப்பாத இடங்களில் இது ஒன்று.

இதே லெஸ்டர் 2014-15 சீசனில் 140 நாட்கள் கடைசி இடத்தில் கிடந்தது. அப்போதைய மேலாளர் நைஜல் பியர்சனை நீக்கவில்லை. பெரும்பாலான ஆட்டங்களில் ஒரு கோல் வித்தியாசத்தில்தான் தோற்றுக்கொண்டிருந்தார்கள். வீரர்கள் அவருக்காகக் கடைசி நிமிடம் வரை ஓடினார்கள். கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழு வெற்றிகளோடு 14ஆம் இடத்துக்கு ஏறினார்கள். மறு ஆண்டு பட்டம் வென்ற வார்டியும் மாஹ்ரெஸும் மோர்கனும் ஷ்மைக்கேலும் அந்தக் கடைசி இடத்திலேயே ஒன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்கள்.

ஒவ்வொரு முறையும் நீக்கித் தப்பிக்கும் பழக்கம் ஓர் அணியை எப்படி உள்ளிருந்து அரிக்கும் என்பதை சண்டர்லாந்தில் பார்க்கலாம். 2013 மார்ச்சில் மார்டின் ஓ'நீல் நீக்கப்பட்டு பாவ்லோ டி கானியோ வந்தார், அணி தப்பியது. செப்டம்பரில் ஐந்தே லீக் ஆட்டங்களுக்குப் பிறகு டி கானியோவும் நீக்கப்பட்டு கஸ் போயட் வந்தார், மீண்டும் தப்பியது. 2015 மார்ச்சில் போயட் போனார், டிக் அட்வகாட் வந்தார், தப்பியது. அக்டோபரில் அட்வகாட் விலகி சாம் அலர்டைஸ் வந்தார். 17ஆம் இடத்தில் தப்பியது. ஒவ்வொரு தப்பித்தலும் அந்தந்த ஆண்டில் சரியான முடிவாகவே தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு மேலாளரும் தம் ஆட்டத்துக்கு ஏற்ற வீரர்களைக் கேட்டார். முந்தையவர் கேட்டு வாங்கிய வீரர்கள் நீண்ட ஒப்பந்தங்களோடும் சம்பளங்களோடும் அணியிலேயே தங்கினார்கள். ஒருவருக்கொருவர் பொருந்தாத வீரர்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்த அணியை டேவிட் மோயஸ் 2016இல் ஏற்றுக்கொண்டார். அந்த சீசன் முழுவதும் அவரை வைத்திருந்தும் அணி கடைசி இடத்தில் முடித்தது. மறு சீசனில் இரண்டாம் பிரிவிலும் கடைசி இடம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி மேலாளர்களின் தலையில் விழுந்துகொண்டே இருந்தது, வீரர்களைத் தேர்ந்தெடுத்த முறையோ கேள்விக்கு உள்ளாகவே இல்லை.

மான்செஸ்டர் யுனைடெட் 2024 ஜூலையில் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டு அக்டோபரில் அவரை நீக்கியபோது, அவருக்கும் அவரோடு போனவர்களுக்கும் கொடுத்த இழப்பீடு ஒரு கோடி பவுண்டுக்கும் மேல். மூன்று மாதங்களில் அவர் மாறிவிடவில்லை. நீட்டித்ததும் நீக்கியதும் ஒரே நிர்வாகம். கோடையில் மாற்று ஆட்களைத் தேடிவிட்டு, எவரையும் தீர்மானிக்க முடியாமல் இருந்தவரையே வைத்துக்கொண்டார்கள். புதிதாக வந்த ரூபன் அமோரிமோ மூன்று தற்காப்பு வீரர்களோடு ஆடும் முறையை விட்டுக்கொடுக்காதவர். அணியில் இருந்தவர்களோ நால்வர் தற்காப்புக்காக வாங்கப்பட்டவர்கள். சீசனின் நடுவில் அவரைக் கொண்டுவந்தார்கள். 15ஆம் இடத்தில் அந்த சீசன் முடிந்தது.

காலம் கடந்து நீக்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லீட்ஸ் யுனைடெட் 2023 மே மாதத்தில் நான்கே ஆட்டங்கள் மீதமிருக்கும்போது அலர்டைஸை அழைத்தது. கிடைத்தது ஒரு புள்ளி. வாட்ஃபோர்ட் 2020இல் இரண்டு ஆட்டங்கள் மீதமிருக்கும்போது, அந்த சீசனின் மூன்றாவது மேலாளரை நீக்கியது. இரண்டு அணிகளும் இறங்கின. ஆட்டமுறையை மாற்றப் பயிற்சி நாட்கள் தேவை. மார்ச் மாதத்துக்குப் பிறகு அந்த நாட்கள் கிடைப்பதில்லை. நீக்குவதென்றால் நவம்பருக்குள், ஜனவரியில் வீரர்களை வாங்கப் புதியவருக்கு வாய்ப்பிருக்கும்போது நீக்க வேண்டும். நியூகாசில் 2021 நவம்பரில் எடி ஹாவை நியமித்தது. முதல் 14 ஆட்டங்களில் ஒரு வெற்றியும் காணாத அணிக்கு ஜனவரியில் டிரிப்பியர், கிமாரேஸ் போன்றோரை வாங்கிக் கொடுத்தது. 11ஆம் இடத்தில் முடிந்தது.

கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்டால் மேலாளர் போய்த்தான் ஆக வேண்டும் என்பதும் சட்டமல்ல. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் 2015இல் இறங்கியபோது கிறிஸ்டியன் ஷ்டிரைக்கை அப்படியே வைத்திருந்தது. அவர் மறு ஆண்டே அணியை முதல் பிரிவுக்கு மீட்டு, 2024 வரை அங்கேயே நிலைக்கச் செய்தார். தன் வருமானத்துக்கு எந்த இடம் இயல்பானது என்பதை அந்த கிளப் அறிந்திருந்தது. பட்டம் வெல்லும் செலவு செய்யாத அணி 15ஆம் இடத்தில் இருந்தால் அது சரிவே அல்ல.

எனக்கு இன்னும் முடிவு எளிதாகாத ஒரு வழக்கு டாட்டன்ஹாமின் மேலாளராக இருந்த ஆஞ்சே போஸ்டகோக்லுவுடையது. 2025 மே மாதம் பில்பாவோவில், ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் பட்டத்தை வென்று, 2008க்குப் பிறகு அந்த கிளப்புக்கு முதல் கோப்பையைக் கொண்டுவந்தவர், அதே சீசனில் லீக்கில் 22 தோல்விகளோடு 17ஆம் இடத்தில் முடித்தார். இரண்டு வாரங்களில் நீக்கப்பட்டார். காயங்கள் அணியைச் சிதைத்தன என்பது உண்மை. காயங்களுக்கு அவருடைய ஓட்டம் மிகுந்த ஆட்டமுறையும் ஒரு காரணம் என்று வாதிடுவோரும் உண்டு. கோப்பை மகிழ்ச்சியில் அவரை வைத்திருந்தால் உணர்ச்சிக்கு இடம் கொடுத்ததாகியிருக்கும். 38 ஆட்டங்களின் சாட்சியம் ஓர் இரவின் சாட்சியத்தைவிடப் பெரியது என்பதால், நீக்கியவர்களின் பக்கமே நான் சாய்கிறேன். ஆனால் பதினேழு ஆண்டுகள் காத்திருந்த ரசிகர்களுக்கு அந்தக் காரணத்தை நிர்வாகம் நேரில் நின்று விளக்கக் கடமைப்பட்டிருந்தது.

நீக்கும் தீர்மானத்தில் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு நிர்வாகமும் எழுத்தில் பதில் வைத்திருக்க வேண்டிய கேள்வி இன்னொன்றும் உண்டு: புதியவரும் முதல் சில ஆட்டங்களில் தோற்றால் என்ன செய்வோம்? கிரிஸ்டல் பேலஸ் 2017இல் ஃபிராங்க் டி போரை நான்கே லீக் ஆட்டங்களுக்குப் பிறகு, 77 நாட்களில் நீக்கியது. நான்கிலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. பொறுமையின்மைக்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம் என்று பலரும் எழுதினார்கள். ஆனால் வேகமான எதிர்த்தாக்குதலுக்காகச் சேர்க்கப்பட்ட வீரர்களிடம் பந்தைத் தக்கவைக்கும் ஆட்டத்தை அவர் கேட்டார். பொருந்தவில்லை என்பது தெளிவாக இருந்தது, அவரைத் தேர்ந்தெடுத்ததே முதல் பிழை. மறுநாளே ராய் ஹாட்ஜ்சன் வந்தார். லீக்கில் அவருடைய முதல் மூன்று ஆட்டங்களும் தோல்விதான். அந்த மூன்றிலும் கோல் இல்லை. மான்செஸ்டர் சிட்டியிடம் ஐந்து கோல்களும் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் நான்கு கோல்களும் வாங்கினார்கள். ஏழு ஆட்டங்கள், பூஜ்ஜியம் புள்ளி, பூஜ்ஜியம் கோல். அப்போது பேலஸ் நிர்வாகம் அசையவில்லை. அவரை எதற்காக அழைத்தோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எட்டாவது ஆட்டத்தில் நடப்புச் சாம்பியனான செல்சியை 2-1 என்று வென்ற அந்த அணி, மே மாதத்தில் 11ஆம் இடத்தில் சீசனை முடித்தது.